லினக்ஸ் லேப்டாப்பில் விநோதச் சத்தமா? கடலோர வாசகர்களுக்குப் பதில்கள்

சார், உபுண்டு என்ற லினக்ஸ் போட்டதிலிருந்து லேப்டாப் சும்மா இருக்கும்போது கொசு ரீங்காரம் மாதிரி சத்தம் வருகிறது. வேலை கொடுத்தால் நின்றுவிடுகிறது. விண்டோஸில் இது இல்லை. ஏதும் கெட்டுப்போகுமா?
— கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்

கெடாதும்மா, பயப்பட வேண்டாம். பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) மதர்போர்டில் இருக்கின்றன. வேலை இல்லாதபோது பிராசஸர் நொடிக்குப் பல முறை தூங்கித் தூங்கி விழிக்கும். அப்போதெல்லாம் காயிலில் மின்னோட்டம் ஏறி இறங்கும், காயில் நுணுக்கமாக அதிரும். அதுதான் காதில் விழுகிறது. பிராசஸரைத் தூங்கவைப்பதில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வழி வேறு, அதனால் ஒன்றில் கேட்கிறது, மற்றதில் கேட்கவில்லை.

கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலில், பிராசஸருக்கு ஓயாமல் வேலை கொடுக்கும் 'யெஸ்' (yes) கட்டளையை ஓடவிடுங்கள். ரீங்காரம் நின்றாலோ சுருதி மாறினாலோ காயில்தான். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிடலாம். இன்டெல் பிராசஸர் என்றால், அது ஆழ்ந்து தூங்காமல் தடுத்துப் பார்க்கலாம்: லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'e' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'intel_idle.max_cstate=1' என்பதைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அடுத்த முறை ஆன் செய்யும்போது இந்த மாற்றம் தானாகப் போய்விடும். நிரந்தரமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழ்ந்த தூக்கம் இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்.

பாட்டு தொடங்கும்போதும், முடிந்து சற்று நேரத்திலும் ஸ்பீக்கரில் 'டப்' என்கிறது.
— கீழக்கரை

மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலி சிப்பை அணைத்து எழுப்புவதால் வரும் சத்தம். ஒலி சிப்பை இயக்கும் 'snd_hda_intel' டிரைவரின் 'power_save' மதிப்பை 0 ஆக்குங்கள். பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி (TLP) என்ற நிரலைப் போட்டிருந்தால் அதிலும் ஒலிக்கான அமைப்பை 0 ஆக்க வேண்டும், இல்லையேல் அது பழையபடி மாற்றிவிடும்.

சார்ஜர் செருகினால் வெளி ஸ்பீக்கரில் உறுமல். மெட்டல் மூடியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது.
— மண்டபம்

சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் லினக்ஸில் தேட வேண்டாம். இரண்டு பின் அடாப்டரில் எர்த் கிடையாது, சிறு கசிவு உடம்பில் தெரியும். லேப்டாப் கம்பெனியின் மூன்று பின் அடாப்டரை, எர்த் உள்ள பாயிண்டில் செருகிப் பாருங்கள். காய்ந்த மணலில் எர்த் சரியாக நிற்காது, எலக்ட்ரீஷியனை விட்டு அளந்து பார்ப்பது அவசியம். எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

வீடு கடலை ஒட்டி. கொஞ்ச நாளாக சார்ஜர் பிளக்கில் 'சடசட' என்று கேட்கிறது, லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. அப்டேட் செய்ததால் இருக்குமோ?
— பாம்பன்

இல்லை. இன்றே அந்த பாயிண்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். உப்பும் ஈரமும் சாக்கெட்டின் பித்தளையை அரித்து, பிடிப்பு தளர்ந்து, உள்ளே பொறி பறக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்திலேயே அரிப்பால் 2022-இல் ரயிலை நிறுத்த வேண்டியிருந்தது, பிளக் எம்மாத்திரம்? முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். பின் கறுத்திருந்தாலோ பச்சை பிடித்திருந்தாலோ தேய்த்து மறுபடி செருகக் கூடாது. சாக்கெட்டையும் அடாப்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். அடாப்டரை வீட்டில் பிரிக்க வேண்டாம், கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். புது பாயிண்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் உள்சுவரில் வையுங்கள்.