ஈசிஇ படிக்கிற பொண்ணு பேடன்ட் பக்கம் போகலாமா?

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். எல்லா பிள்ளைங்களும் கோடிங்னு ஓடுறப்ப எலக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன் (ஈசிஇ) படிக்கிற உங்க பொண்ணு மட்டும் பேடன்ட் வேலைக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கு சட்டப்படி உரிமை வாங்குற வேலைக்கு போறேங்கிறா, அதுக்கு மறுபடி லா வேற படிக்கணுமான்னு பயந்து போய் கேட்டிருக்கீங்க. லா வேண்டாம்க்கா. சயின்ஸ் இல்லன்னா இன்ஜினியரிங் டிகிரி, 21 வயசு, இந்தியக் குடியுரிமை, அதோட பேடன்ட் ஆபீஸ் வைக்கிற எக்ஸாம் பாஸ் பண்ணா பேடன்ட் ஏஜென்ட்டா, அதாவது கண்டுபிடிச்சவங்களுக்காக பேடன்ட் விண்ணப்பம் போடறவங்களா பதிவு பண்ணிக்கலாம். ஆனா அந்த எக்ஸாம் வருஷா வருஷம் தவறாம வர்றதில்ல, அதனால அதையே நம்பி வீட்ல உக்கார விடாதீங்க, டிகிரி முடிச்சதும் சர்ச் அனலிஸ்ட் வேலைக்கு சேர்ந்துட்டு எக்ஸாம் வரும்போது எழுதட்டும்.

அது என்ன சர்ச்னா, ஒரு ஐடியா இதுக்கு முன்னாடியே எங்கயாவது வந்திருக்கான்னு பழைய பேடன்ட்ல எல்லாம் தேடுறது. அமெரிக்கால நடந்த ஒரு கேஸ் சொல்றேன். அலைவ்கோர்னு ஒரு கம்பெனி, ஆப்பிள் வாட்ச் எங்க ஈசிஜி பேடன்ட்டை மீறுதுன்னு கேஸ் போட்டாங்க. நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க, ஆனா இதயம் வேகமா அடிக்குது, உடனே வாட்ச் "ஒரு ஈசிஜி எடுங்க"ன்னு சொல்லுது, இதான் அதுல முக்கியமான ஐடியா. 2022 டிசம்பர்ல ஒரே மாசத்துல ரெண்டு முடிவு வந்துச்சு பாருங்க. அங்க இறக்குமதியை விசாரிக்கிற வர்த்தக ஆணையம் ஆப்பிள் மீறினது உண்மைன்னுச்சு, பேடன்ட் ஆபீஸ் போர்டோ இதுக்கு முன்னாடியே இருந்த கண்டுபிடிப்புகளை சேர்த்துப் பார்த்தா இது அந்தத் துறை தெரிஞ்ச யாருக்கும் தோணக்கூடியதுதான், பேடன்ட்டே செல்லாதுன்னுச்சு. 2025 மார்ச்ல அப்பீல் கோர்ட்டும் போர்டு சொன்னதுதான் சரின்னுடுச்சு. அந்த பழசுல ஒண்ணு 2012-ல வெளியான ஒரு பேடன்ட் விண்ணப்பம், ஆக்ஸிஜன் பார்க்கிற சென்சார் ஏதாவது கோளாறைக் கண்டா ஈசிஜி எடுக்கச் சொல்ற கருவி. அவ்வளவு பெரிய சண்டையோட தலையெழுத்தையே மாத்தினது இந்த மாதிரி பழைய பேப்பருங்கதான்க்கா, அதைத் தேடிப் பிடிக்கிறவங்களுக்கு சென்சார், சிக்னல் எல்லாம் புரியணும், அங்கதான் ஈசிஇ படிச்சவங்களுக்கு மதிப்பு.

ஆனா இது நாள் முழுக்க படிக்கிற வேலை, பொறுமை இல்லன்னா ஆறு மாசம் தாங்காது. அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. கூகுள் பேடன்ட்ஸ் ஃப்ரீதான், அதுல அலைவ்கோரோட 10638941-ங்கிற அமெரிக்க பேடன்ட்டை எடுத்து முதல் கிளெய்மை (எது எங்களுக்கு சொந்தம்னு சொல்ற பகுதி) மட்டும் நோட்ல துண்டு துண்டா எழுதட்டும், இதயத்துடிப்பு சென்சார் ஒரு வரி, அசைவு சென்சார் ஒரு வரின்னு, எழுதிட்டு ஒவ்வொண்ணும் அதுக்கு முன்னாடி வந்த வேற எந்த பேடன்ட்ல இருக்குன்னு தேடட்டும். சாப்பாட்டுக்கு கூப்பிட்டும் எந்திரிக்காம தேடிட்டு இருந்தாள்னா எனக்கு போன் போடுங்க, ரெஸ்யூமே எப்படி போடறதுன்னு பேசலாம்.