இருட்டை எழுதினா மட்டமா?

கேள்வி: போன இதழ்ல டானித் லீங்கிற இங்கிலாந்து எழுத்தாளருக்கு ரெண்டு பக்கம் குடுத்திருக்கீங்க. பேய், பிசாசுன்னு 90 நாவல் எழுதித் தள்ளினவங்களுக்கு நம்ம மும்பை தமிழ் பத்திரிகைல எதுக்கு சார் இடம்? காலேஜ் போற என் பொண்ணு இப்போ அவங்க புக்கைத் தேடிட்டு இருக்கா. – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: சார், காரைக்கால் அம்மையார் தன்னையே பேய்னு சொல்லிக்கிட்டுதான் திருவாலங்காட்டு சுடுகாட்டைப் பாடினாங்க, கலிங்கத்துப்பரணில போர்க்களத்துல பேய்ங்க கூழ் சமைச்சு சாப்பிடுது, அதையெல்லாம் இலக்கியம்னு கொண்டாடிட்டு லண்டன்ல பொறந்த ஒருத்தங்க எழுதினா மட்டும் மட்டம்னு சொல்றது எனக்கு நியாயமா படல.

90 நாவலுக்கு மேல, கிட்டத்தட்ட 300 சிறுகதை, உண்மைதான். ஆனா டிஸ்லெக்சியாங்கிற வாசிப்புக் குறைபாட்டால எட்டு வயசு வரைக்கும் அவங்களுக்கு வாசிக்கவே வராது, அப்பாதான் சொல்லிக்குடுத்தார், ஒன்பது வயசுல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. லைப்ரரில வேலை, ஹோட்டல்ல சர்வர் வேலைன்னு பாத்துக்கிட்டே எழுதின 'தி பர்த்கிரேவ்' நாவலை இங்கிலாந்துல யாரும் சீண்டல, அமெரிக்காவோட டா புக்ஸ் பதிப்பகம் 1975ல போட்டாங்க, அதுக்கப்புறம்தான் எழுத்தே முழுநேர வேலையாச்சு. 1980ல 'டெத்ஸ் மாஸ்டர்' நாவலுக்கு பிரிட்டிஷ் ஃபேண்டசி விருது, நாவலுக்காக அதை வாங்கின முதல் பெண் இவங்கதான்.

அவங்க பேய் எப்படிப்பட்டதுன்னும் பாருங்க. 'நைட்ஸ் மாஸ்டர்'ல அஸ்ரார்ன்னு ஒரு அசுர இளவரசன், மனுஷங்களைக் கெடுத்து வேடிக்கை பாக்கிறதுதான் அவன் பொழப்பு, கடைசில அவன் விதைச்ச வெறுப்பே வளர்ந்து உலகத்தை அழிக்க வருது, மனுஷங்க இல்லாம தனக்கு ஒண்ணுமே இல்லைன்னு புரிஞ்சு அவனே தன்னை பலி குடுத்து உலகத்தைக் காப்பாத்தறான். கெட்டவன் திருந்திட்டான்னு பூசி மெழுகல, அவனோட சுயநலத்துக்குள்ளயே அன்பைக் கண்டுபிடிக்கிறாங்க, இதுக்காகவே நான் ரெண்டு பக்கம் இல்ல, நாலு பக்கம் குடுப்பேன்.

எனக்கு நெஜமாவே கோவம் வர்ற இடம் வேற. 90கள்ல பெரிய பதிப்பகங்க இவங்களைக் கைவிட்டுட்டாங்க, எழுத்து வத்திப் போகல, எழுதிட்டுதான் இருந்தாங்க, சின்ன பதிப்பகங்கதான் தாங்கிப் பிடிச்சுது. 2013ல வாழ்நாள் சாதனைக்கு வேர்ல்ட் ஃபேண்டசி விருது குடுத்தாங்க, 2015 மே மாசம் 67 வயசுல போய்ச் சேந்துட்டாங்க, பழைய நாவல்களை டா புக்ஸ் மறுபடி அச்சுல கொண்டுவந்தது அதுக்கப்புறம்தான். இருக்கும்போதே செஞ்சிருக்கலாம்ல?

உங்க பொண்ணு தாராளமா படிக்கட்டும் சார். ஸ்கூல் பசங்களுக்குன்னா வேண்டாம்னு சொல்லுவேன், காமம், கொடூரம் ரெண்டும் இருக்கு. 'நைட்ஸ் மாஸ்டர்'ல ஆரம்பிக்கச் சொல்லுங்க, நம்ம நாட்டுக் களத்துல எழுதின 'தமஸ்தாரா' கதைகளை அப்புறம் பாத்துக்கலாம். புதுசு ஆன்லைன்ல கெடைக்கும், பழைய காப்பின்னா கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரக் கடைகள்லயும் பிளோரா பவுண்டன்லயும் மஞ்சள் முதுகு போட்ட டா புக்ஸ் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.