சாப்பாட்டுச் சந்தேகம்: மஞ்சள் பாலை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. சில வருடமாகச் சரவாங்கி (முடக்குவாதம்). காலையில் எழுந்தால் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுகிறேன். எங்கள் நங்கை, "மாத்திரையை விட்டுட்டு ராத்திரி மஞ்சளும் மிளகும் போட்ட பால் குடி, தக்காளி, கத்தரிக்காய் பக்கமே போகாதே, இன்ஃப்ளமேஷன் (அழற்சி) போயிரும்" என்கிறார். செய்து பார்க்கட்டுங்களா?
– வாசகி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். சரவாங்கியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது, மருந்தில்லாமல் விட்டால் எலும்பு அரிக்க ஆரம்பிக்கும், அரித்துப்போன மூட்டை எந்தச் சாப்பாட்டாலும் பழையபடி ஆக்க முடியாது.

மஞ்சளுக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூள் சுமார் 3 கிராம், அதில் குர்குமின் என்ற சத்து 3 சதவீதம் போல, ஆக 90 மில்லிகிராம்தான் தேறும். மூட்டு வலி ஆராய்ச்சிகளில் கொடுப்பது பெரும்பாலும் தினம் 500 மில்லிகிராமும் அதற்கு மேலும். அதிலும் குடல் உறிஞ்சுவது கொஞ்சம்தான். மிளகும் எண்ணெயும் சேர்ந்தால் கூடுதலாக உறிஞ்சும். அதனால் பால் குடியுங்கள், தவறில்லை, மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். கடையில் விற்கும் மஞ்சள் கேப்சூலை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சிலருக்கு அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் போடும் மாத்திரைக்கே அவ்வப்போது கல்லீரல் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் வம்பு.

அப்படியானால் சாப்பாட்டால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, ஒரு பொருளால் வராது, தட்டு மொத்தமும் மாற வேண்டும். 2003-இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் சரவாங்கிக்காரர்கள் 12 வாரம் காய்கறி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாட்டுக்கு மாறினார்கள். நோயின் வேகம் குறைந்தது. ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். கொள்ளு கடைந்தது, பச்சைப்பயிறு கடைசல், தினம் ஒரு கீரை, மதியம் அரிசியைப் பாதியாக்கி இரண்டு பங்கு காய், வாரத்தில் சில நாள் கம்மஞ்சோறோ ராகிக் களியோ, இவ்வளவு போதும். நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அழற்சியைத் தணிக்க உதவுகின்றன.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ வாங்குங்கள். அணை மீனைவிட இவற்றில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு அதிகம், காலை விறைப்பு குறைய அது உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கோவை உக்கடம் மார்க்கெட்டில் மத்தி மலிவாகவே கிடைக்கும். பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சைவம் என்றால் வறுத்துப் பொடித்த ஆளி விதை ஒரு ஸ்பூன்; மீன் அளவுக்கு வராது, ஆனாலும் நல்லது.

தக்காளி, கத்தரிக்காயை எல்லோரும் ஒதுக்க வேண்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. சுகர் இருக்கிறது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. சாயங்காலம் பேக்கரியில் ஒரு டீயும் பப்ஸும்தான் தெம்பு. சீனியை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன். போதுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போதாது தம்பி. நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு நாளைக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 35 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது, அதுவும் சுகர் இல்லாதவர்களுக்கு.

பப்ஸைப் பிட்டுப் பாருங்கள், மைதா ஓர் அடுக்கு, கொழுப்பு ஓர் அடுக்கு என்று மாறி மாறி இருக்கும், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பே சொல்லிவிடும். 2022 முதல் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது, நல்ல விஷயம், ஆனாலும் அது தினம் சாப்பிடும் பண்டம் கிடையாது. ஷிப்டுக்குப் போகும்போதே வேகவைத்த கடலையோ தட்டப்பயிறு சுண்டலோ டப்பாவில் எடுத்துப் போங்கள், டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்குங்கள், ஒரு வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும். பட்டினி கிடந்து ஓவர்டைம் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு இரண்டு புரோட்டா பிய்த்துப் போடுவதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து என்பேன்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குறையுங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாக இறங்கும். சுகர் மாத்திரை அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) கூடியிருந்தால் கீரை, பயறு அளவை அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று சிஆர்பி டெஸ்ட் (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவு) எடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: டாக்டர் சொன்னால் எடுங்கள். சளி, காய்ச்சல், புண், பல் ஈறு வீக்கம் என எது இருந்தாலும் ஏறும், எதனால் ஏறியது என்று சொல்லாது. காய்ச்சல் அடித்திருந்தால் அது விட்டு இரண்டு வாரம் கழித்து எடுங்கள்.