முடிவு முன்பே தெரிந்த காதல்

கேள்வி: அண்மையில்தான் ஒருவரை விரும்பத் தொடங்கினேன், அவருக்கும் என்மேல் விருப்பம் உண்டு. ஆனால் மேற்படிப்புக்காக அவர் விரைவில் வெளிநாடு செல்கிறார். திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. இப்போதே பழக்கத்தைக் குறைத்துக்கொண்டால் பின்னால் வலி குறையுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகிழ்ச்சியும் துயரமும் ஒரே வேளையில் வருவதால் உங்கள் காதலில் ஏதோ கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். ஜெஃப் லார்சன் முதலிய உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாள்களைவிடப் பட்டம் பெறும் நாளில் மாணவர்களிடம் இவ்விரு உணர்வுகளும் சேர்ந்தே இருப்பது மிகுதியாகக் காணப்பட்டது. கிடைத்ததன் அருமையும் அது கைவிட்டுப் போகவிருப்பதும் ஒருசேரத் தெரியும்போது மனம் வேறு எப்படி இருக்கும்?

பழக்கத்தைக் குறைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. காதலித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம், பிரிய நேர்ந்தால் எவ்வளவு வருந்துவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, பின்னர் உண்மையிலேயே பிரிந்தவர்களின் வருத்தத்தோடு அதனை ஒப்பிட்ட பால் ஈஸ்ட்விக் குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் அஞ்சிய அளவுக்குத் துயரம் இருக்கவில்லை என்று காட்டியது. ஆழமாகக் காதலித்தவர்களின் கணிப்பே அதிகம் தவறியது. பிரிவு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலியை மிகைப்படுத்திக்கொண்டு, கையிலிருக்கும் நாள்களையும் அதற்குப் பலிகொடுப்பது வீண்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. இந்தப் பிரிவைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தொலைவிலிருந்தபடி உறவைத் தொடர அவருக்கு விருப்பமா, உங்களுக்கு விருப்பமா என்று பேசிப் பார்க்காமலேயே இது நிலைக்காது என்று தீர்ப்பெழுதியிருக்கிறீர்கள். அவரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அவர் நழுவினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். (எப்படியும் போகப்போகிறவன்தானே என்று எந்தப் பொறுப்பும் ஏற்காதவர்களும் உண்டு.) புறப்படும் நாளோடு எல்லாம் முடியும் என்று அவர் தெளிவாகச் சொன்னால், அதுவரை பழகுவதும் இப்போதே விலகுவதும் உங்கள் முடிவு, இரண்டிலும் இழிவில்லை. ஆனால் வாயால் சரி என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் அவர் மனம் மாறுவார் என்று உள்ளுக்குள் காத்திருக்காதீர்கள். அந்தக் காத்திருப்புதான் பிரிவைக் காட்டிலும் மனத்தை அதிகம் அலைக்கழிக்கும். பயண ஏற்பாடுகளின் பரபரப்பில் நிதானமாகப் பேச இடமிருக்காது என்பதால், இந்தப் பேச்சை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.