மேடை வேண்டாம் என்கிறாளா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பரீட்சை என்றாலே வயிற்றுவலி, நகம் கடிப்பது, ராத்திரி தூங்காமல் புரள்வது. நடனம் மனசை லேசாக்கும் என்றார்களே என்று வகுப்பில் சேர்த்தேன். மேடை நிகழ்ச்சி நெருங்க நெருங்க, இப்போது நடன வகுப்பு நாளிலும் வயிற்றுவலி! நிறுத்திவிடலாமா?

பதில்: ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், மேடையை நிறுத்துங்கள். அவளுக்கு அது இன்னொரு பரீட்சையாகிவிட்டது.

நடனம் சொல்லித் தருகிற நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். தாளம் தப்பினால் எல்லோர் முன்னாலும் திரும்ப ஆடச் சொல்வேன். அப்போது ஒரு பையன் சுவரோரமே நிற்பான், கட்டைவிரல்களை உள்ளே வைத்துக் கையை இறுக மூடிக்கொண்டு. ஒருநாள் எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் அதே மாதிரி போய் நின்றேன். குதிகாலைத் தூக்கினான், நானும் தூக்கினேன். தோளைக் குலுக்கினான், நானும். கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தால், கட்டைவிரல்கள் வெளியே! 1942-இல் வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் நடன சிகிச்சையைத் தொடங்கிய மரியன் சேஸ், நோயாளிகளிடம் இப்படித்தான் கண்ணாடிபோல் அசைந்து காட்டினார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

பயம் வந்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். உடம்பு ஓடத் தயார், பிள்ளையோ நாற்காலியில். ஆடும்போதும் அதே படபடப்புதான், ஆனால் கூடவே சிரிப்பும் இருக்கிறது. படபடப்பு வரும், தானே அடங்கும் என்பது மெல்லப் பழகிவிடும்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கேட்கிற பாட்டுக்கு ஆடுங்கள். முதலில் வேகமான பாட்டு, அப்புறம் மெதுவானது. கடைசியில் மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். வீடியோ எடுக்காதீர்கள். 'கையை நேரா வை' என்று வாயைத் திறக்கவே கூடாது. உங்களுக்கு ஆட வராதா? ரொம்ப நல்லது, அவள் சொல்லித் தருவாள்.

வயிற்றுவலியை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, பள்ளிக்கே போகமாட்டேன் என்றாலோ குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை நடனத்தால் சரிக்கட்ட முடியாது.

நடன ஆசிரியையிடம், 'இந்தமுறை மேடை வேண்டாம், வகுப்பில் மட்டும் கடைசி வரிசையில் ஆடிவிட்டு வரட்டும்' என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைச் சுளித்தால், அவரும் பழைய என்னைப்போல என்று நினைத்துக்கொண்டு வேறு வகுப்பு தேடுங்கள்.