ஃபுக்கெட் வில்லா: அட்வான்ஸ் கொடுக்காதீங்க

குடியாத்தம் ஐயாவுக்கு வணக்கம். பி.எஃப். பணத்துல தாய்லாந்தோட ஃபுக்கெட் தீவுல வில்லா வாங்கலாம், நிலம் மட்டும் ஒரு தாய்லாந்து கம்பெனி பேர்ல இருக்கும்னு புரோக்கர் சொல்றதா எழுதியிருந்தீங்க. அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. அங்க வெளிநாட்டுக்காரங்க பேர்ல பொதுவா நிலம் எழுத முடியாது. அதைத் தாண்ட உள்ளூர் ஆளுங்களை பினாமியா வெச்சு கம்பெனி நடத்துறது குற்றம்.

அடுத்து புரோக்கர் “30+30+30 வருஷக் குத்தகை”ன்னு வருவார். வீட்டு மனைக்கு ஒரு தடவை பதிவாகுறது 30 வருஷம்தான், மிச்சத்தை நம்பாதீங்க. நம்ம ஊர்ல வில்லங்கம் போட்டுப் பார்க்கிற மாதிரி, அங்க நிலப் பதிவு ஆபீஸ்ல சொந்த வக்கீலை விட்டுப் பாருங்க. சிவப்புக் கருட முத்திரை போட்ட சானோத், அதாவது முழு உரிமைப் பத்திரமான்னு கேளுங்க. புரோக்கர் காட்டுற வக்கீல் வேணவே வேணாம்.

காண்டோ ஃபிளாட்னா உங்க பேர்லயே வாங்கலாம். கட்டடத்துல 49 சதவீதப் பரப்பு வரைதான் வெளிநாட்டவருக்கு. பணம் வெளிநாட்டுக் கரன்சியாவே அங்க போகணும், அங்க பேங்க்ல அதுக்குச் சான்று வாங்கிடுங்க. இங்கிருந்து ஒருத்தர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பேங்க் வசூலிக்கிற வரி, பிடிப்பாங்க, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்.

ஃபிளாட் வாங்கிட்டா மட்டும் ஓய்வு விசா வந்துடாது, அது தனி. வீட்டம்மாவுக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில மாசாமாசம் செக்கப்னு சொல்றீங்க, அங்க போயிட்டா அது எப்படின்னும் யோசிங்க. முதல்ல அங்க மழைக்காலத்துல, மே முதல் அக்டோபருக்குள்ள, கொஞ்ச நாள் ரெண்டு பேரும் வாடகைக்கு இருந்து பாருங்க.