வகுப்பறையில் போனும் கணினியும்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கே: சேர், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது. பிறகு எப்படி வினாடிவினா? (தரம் 8 விஞ்ஞானம், தீவகம்)

ப: பிளிக்கர்ஸ் (Plickers) என்ற வினாடிவினாச் செயலியைப் பாருங்கோ ரீச்சர். உங்கள் போன் ஒன்றே காணும். ஆளுக்கொரு அட்டை, 40 அட்டைகள் உள்ள தொகுப்பை இலவசமாகப் பிரிண்ட் எடுக்கலாம். அதில் இருக்கும் கறுப்பு உருவத்துக்கு நாலு பக்கம், ஏ பி சி டி. தன் விடையை மேலே வரும்படி பிள்ளை திருப்பிப் பிடிக்கும், நீங்கள் கமெராவை வகுப்பின் குறுக்கே ஒருக்கால் கொண்டுபோனால் யார் எதைச் சொன்னது என்று வந்துவிடும். பக்கத்து ஆளைப் பார்த்து அடிப்பதும் லேசில்லை. லமினேட் பண்ணவேண்டாம், பளபளப்பில் கமெரா திணறும்.

கே: எங்களிடம் நெற் இல்லை. மின்சுற்றுப் பாடம்?

ப: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெற் (PhET) என்ற விஞ்ஞானப் பரிசோதனைச் செயலிகளை வீட்டில் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கோ, நெற் இல்லாமலே ஓடும். இலவசம்.

கே: வட்ட நாற்பக்கலைப் பாடமாக்குகிறார்களே தவிர விளங்குதில்லை. (தரம் 11)

ப: இதற்குத்தான் ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கேத்திரகணிதச் செயலி. வட்டத்தில் நாலு புள்ளி வைத்து, எதிர்க்கோணம் இரண்டையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் திரையில் காட்டுங்கோ. உடனே இழுத்துக் காட்டாதீர்கள்! இந்தப் புள்ளியை நகர்த்தினால் எது மாறும், எது மாறாது என்று முதலில் கொப்பியில் எழுதவிட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்கோ. கோணங்கள் ஓடித் திரியும், கூட்டுத்தொகை 180 பாகை மட்டும் அசையாது. யாராவது கட்டாயம் ஒரு புள்ளியை அடுத்த புள்ளிக்கு அப்பால் இழுத்து உருவத்தைக் குறுக்கே மடித்துக் கெடுப்பார்கள். தடுக்கவேண்டாம், தேற்றம் எங்கே உடைகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். அந்த வாக்குவாதம் பாடவேளையை விழுங்கினாலும் பரவாயில்லை.

கே: வரலாறுக்கு ஏதும்?

ப: கூகுள் ஏர்த்தில் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையை மேலிருந்து காட்டுங்கோ. உள்ளே போய் வந்த பிள்ளைக்கும் அதன் ஐங்கோணம் தெரியாது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் ஏன் அந்த வடிவில் கட்டினார்கள், ஒரு மூலைக் கொத்தளத்திலிருந்து எந்த மதிலைக் காக்கலாம் என்று கோடு போடவிடுங்கோ. பழைய பத்திரிகைகளுக்கு ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளம் இருக்கிறது.

கே: யூடியூப் வீடியோ போட்டால் நித்திரை கொள்கிறார்கள்.

ப: அரைமணித்தியாலம் ஓடவிட்டால் நானும் கொள்ளுவேன். மூன்று நிமிடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கோ.

கே: ஸ்மார்ட் போர்ட் வாங்க நிதி சேர்க்கலாமா?

ப: இப்ப வேண்டாம். முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கோ, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சத்தம் கேட்கட்டும்.